மரணப் பதிவேட்டின் வைத்தியர்

இங்கிலாந்தில் மூதாதையரைத் தேடுவோர் மரணப் பதிவேட்டில் இறப்புக்கான காரணத்தையும் காண்பார்கள். அந்தக் காரணங்களை ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் ஃபார். 1807இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஊர்ப் பெரியவர் ஒருவரின் ஆதரவில் மருத்துவம் கற்றவர். பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் சுமார் நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். குடிசன மதிப்பீடுகளிலும் பங்கெடுத்தார். தெளிவற்ற நோய்ப் பெயர்கள் அவருக்குப் பிடிக்காது. வேலை மிகுந்த இரவுகளில் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட எனக்கும் தோன்றியதுண்டு. அப்போது இவரை நினைப்பேன்.

வாந்திபேதி கெட்ட காற்றால் பரவுவதாக நம்பிய ஃபார், தண்ணீரே காரணம் என்ற ஜோன் சினோவுக்கு 1854இல் இறந்தோரின் விலாசங்களைக் கொடுத்துதவினார். 1866இல் கிழக்கு லண்டனில் மரணங்கள் குவிந்தபோது, தம் பதிவேடுகளே சினோவின் பக்கம் நிற்பதைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டார். சினோ இறந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.