காவலில்லா மாளிகை

காரைக்குடிக்கு அருகில் உள்ள சிறுவயலில்தான் சின்ன மருது பாண்டியரின் மாளிகை இருந்தது. 1772இல் காளையார்கோயிலில் மன்னர் முத்துவடுகநாதர் கும்பினி, நவாப் படைகளால் வீழ்த்தப்பட்டார். அரசி வேலு நாச்சியாரை விருப்பாட்சிக்கு அழைத்துச் சென்று, ஐதர் அலியின் துணையோடு 1780இல் சீமையை மீட்டுத் தந்தவர்கள் மருதிருவர். அதன்பின் அரியணை பிறரிடம் இருக்க, ஆணை மட்டும் பிரதானி சின்ன மருதுவினுடையதாக இருந்தது. அவர் தலையசைத்தால் அதுவே சட்டம். அத்தகைய தனியதிகாரம் படைத்தவர் மதிலுக்குள் மறைந்து வாழ்வதே உலக வழக்கம்.

ஆனால் 1795 பிப்ரவரியில் சிறுவயலுக்குச் சென்ற கும்பினிப் படை அதிகாரி வெல்ஷ் கண்ட காட்சி வேறு. வாயிலில் ஒரு காவலன்கூட இல்லை. விரும்பியவர் வரலாம், போகலாம். வந்தவரெல்லாம் தலைவரை வாழ்த்திச் சென்றனர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவ்வெள்ளையருக்குச் சின்ன மருதுவே கற்பித்தார். வளரி என்பது பிறைபோல் வளைந்த எறிகருவி; இன்றைய மாணவர் பலர் அதனை அருங்காட்சியகத்தில்தான் கண்டிருப்பர்.

திறந்த வாயிலுக்கு விலையும் உண்டு. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. அங்கிருந்து தப்பிய ஊமைத்துரை சிறுவயலில் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்குமாறு கும்பினியார் கேட்டனர், மருதிருவர் மறுத்தனர். சூன் மாதத்தில் திருச்சியிலும் திருவரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை சுவரேறியது. அது நால்வருணத்தாரோடு முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைத்தது. நவாபைக் கடிந்த அதே அறிக்கை இசுலாமிய மக்களைத் தோழராக விளித்ததை நாம் மறத்தல் ஆகாது.

கர்னல் அக்னியூவின் படை சூலை இறுதியில் வந்தபோது சிறுவயல் எரிந்துகொண்டிருந்தது. பகைவருக்குப் பயன்படலாகாதெனத் தம் ஊரைத் தாமே கொளுத்திவிட்டுக் காளையார்கோயில் காட்டுக்குள் சென்றிருந்தனர் மருதிருவர். உண்மையான அரண் அக்காடுதான். முள்மரங்களை வெட்டி வழியமைக்கக் கும்பினியார் ஒரு திங்கள் முழுதும் முயன்றனர். பகலில் வெட்டியவர்களை மறைந்திருந்தோர் தாக்கினர். இறுதியில் படை பின்வாங்கியது. பின்னர்ப் படமாத்தூர் கௌரி வல்லபரைச் சோழபுரத்தில் சமீன்தாராக அறிவித்து மக்களைப் பிரித்தனர். காட்டைவிட அந்த அறிவிப்பே மருதிருவரை வீழ்த்தியது என்பது நம் கருத்து. அக்டோபர் 1இல் காளையார்கோயில் விழுந்தது.

தொடையெலும்பு முறிந்து பிடிபட்ட சின்ன மருது, தமையனாரோடு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். அவரை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார். வளரி வீசக் கற்றுத்தந்தவரைச் சிறையிலும் தூக்குமரத்திலும் அவர் கண்டார்.

சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து அளவில். 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டோருள் அவரும் ஒருவர். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது ஒருவர் அவரைக் காண வந்தார். உடல் தளர்ந்து, வயதுக்கு மீறி முதுமை எய்திய அவரை வெல்ஷுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தாம் துரைசாமி.