ஜி.டி.நாயுடு செஞ்ச மோட்டாரும் நம்ம வீட்டு எம்.சி.பி-யும்: ட்ரிப் ஆனா பெரிய பிரேக்கர் போடலாமா?

கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்துல போறவங்களுக்கு ஜி.டி.நாயுடு இப்போ ஒரு பெயர்ப்பலகை. பல்லடம் பக்கம் தினமும் காலையில போர் மோட்டார் போடுறவங்களுக்கு அவர் இன்னும் கொஞ்சம் நெருக்கம்.

பல்லடத்துக்கு மேற்கே, சூலூரை அடுத்த கலங்கலில் 1893 மார்ச் 23-ல் பிறந்தவர் நாயுடு. பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. கோவை ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, கடைசியில் அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, அதை அக்கு அக்காகக் கழற்றியதுதான்!

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். டிரைவரும் அவரே. அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வர, மில்கள் பெருகின. ஆனா மோட்டார்? வெளிநாட்டுச் சரக்குதான். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள்.

அந்த மோட்டார்தான் கிணற்று மேட்டுக்கும், தறிக் கொட்டகைக்கும், பிறகு வீட்டுக்கும் வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 6 ஆம்ப் எடுக்கும். ஸ்டார்ட் ஆகிற அந்த நொடியில் மட்டும் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ‘பி’ டைப் எம்.சி.பி. மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே விழுந்துவிடும், ‘சி’ டைப் ஐந்து முதல் பத்து மடங்கு வரை தாங்கும். அதனால மோட்டாருக்கு ‘சி’ டைப்.

பலரும் செய்யறது வேற. அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு 10 ஆம்பைக் கழற்றிட்டு 32 ஆம்ப் மாட்டிடறாங்க. ட்ரிப் நிற்கும், ஆபத்து அங்கேதான் ஆரம்பம். ஏன்னா பிரேக்கர் காப்பாற்றுவது மோட்டாரை இல்லை, சுவருக்குள் போகிற வயரை. 1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயருக்கு 10 ஆம்ப், 2.5-க்கு 16 ஆம்ப் என்பது பாதுகாப்பான அளவு. அதுக்கு மேல போனா, பிரேக்கர் விழறதுக்கு முன்னாடி வயர் உருகிடும். பெரிய பிரேக்கர் வேணும்னா முதல்ல வயரை மாத்தணும். ஷாக்கிலிருந்து காப்பாற்ற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. தனியா வேணும், எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது.

கையால் கழற்றிப் பார்க்காத படிப்பில் நாயுடுவுக்கு நம்பிக்கை கிடையாது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வர அவர்தான் காரணம். பொறியியலுக்கு நான்கு வருஷம் எதுக்கு, குறுகிய காலப் பயிற்சியே போதும் என்றார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி.

1974 ஜனவரி 4-ல் காலமானார். அவர் சேர்த்து வைத்த இயந்திரங்களின் அருங்காட்சியகம் இப்பவும் அவிநாசி ரோட்டில்தான் இருக்கு.