கம்ப்யூட்டருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் – ஜி.என். இராமச்சந்திரன்



நம்ம ஊர்ச் சுவர் இதழ் என்றாலே விஞ்ஞானி பகுதியில் கலாம் ஐயாதான் இருப்பார். அது நமக்குப் பெருமை. இந்த இதழில் இன்னொரு தமிழ் விஞ்ஞானியைப் பார்ப்போமா? இராமச்சந்திரன் என்றதும் எல்லாருக்கும் எம்.ஜி.ஆர். ஞாபகம்தான் வரும். இவர் வேறு இராமச்சந்திரன். தலையில் அடிபட்டு மதுரைக்கோ இராமநாதபுரத்துக்கோ போய் சி.டி. ஸ்கேன் எடுத்தவர்கள் நம்ம தெருவிலேயே இருப்பாங்க. அந்த மாதிரிப் படம் உருவாகும் வழியில் இவர் போட்ட கணக்குக்கும் பங்கு உண்டு. புது மருந்து தேடும் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கும் இவர் வரைந்த ஒரு படம் இன்றும் தேவைப்படுகிறது.

இளமை

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அதனால் கணக்கு வீட்டிலேயே கிடைத்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி.வி. இராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய் ஆராய்ச்சி செய்து, 1949-ல் திரும்பி வந்தார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவர் ஆனார். அப்போது வயது சுமார் 30தான்!

முப்புரிக் கயிறு

நம்ம தோல், எலும்பு, தசைநார், மீனின் தோல், செதில் எல்லாவற்றிலும் கொல்லாஜன் என்ற புரதம் இருக்கிறது. உடம்பை இழுத்துக் கட்டி வைத்திருப்பது அதுதான். அதன் வடிவம் அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ்ரே கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். படகு கட்டும் கயிற்றைப் பிரித்துப் பாருங்கள், மூன்று புரி முறுக்கிக் கிடக்கும். கொல்லாஜனும் அப்படித்தான் என்று 1954-ல் சொன்னார்கள். உலகம் சென்னையைத் திரும்பிப் பார்த்தது.

குறை சொன்னார்கள், கணக்குப் போட்டார்

1955-ல் டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் ரிச் என்பவரும், இவர் சொன்ன வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருக்கமாக இருப்பதாகக் குறை சொன்னார்கள். வேறு ஆளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார், இல்லை சோர்ந்து உட்கார்ந்திருப்பார். இவரோ, அணுக்கள் உண்மையில் எவ்வளவு பக்கத்தில் வர முடியும் என்று கேட்டுக்கொண்டார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் என்ற மாணவர்களோடு, அதுவரை உலகில் வெளியான படிகங்களின் அளவுகளை எல்லாம் சேகரித்தார்.

நம்ம துறையில் நங்கூரம் போட்ட படகு காற்று அடிக்கும் பக்கம் திரும்பும். பக்கத்துப் படகு கிட்டே இருந்தால் எல்லாப் பக்கமும் திரும்ப முடியாது, இடிக்கும். புரதமும் அப்படித்தான். அது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. ஒவ்வொரு மணியிலும் முக்கியமாக இரண்டு இடத்தில் சுழலலாம். எந்தக் கோணத்தில் திரும்பினால் இடிக்கும், எதில் இடிக்காது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கையில் கம்ப்யூட்டர் கிடையாது. பேப்பர், பென்சில், மேஜைக் கணக்கு இயந்திரம், அவ்வளவுதான்! கணக்கு முடிந்ததும் ஒரே ஒரு கட்டப்படம் கிடைத்தது. அதில் முக்கால்வாசி இடம் ‘முடியாது’, கால்வாசிதான் ‘முடியும்’. 1963-ல் வெளியான இதுதான் உலகப் புகழ் பெற்ற இராமச்சந்திரன் வரைபடம். கொல்லாஜன் வடிவத்தில் பின்னால் சில திருத்தங்கள் வந்தன. மூன்று புரி என்ற அடிப்படையும் இந்த வரைபடமும் நிலைத்துவிட்டன.

பனங்காடும் ஸ்கேனும்

பனங்காட்டை ஒரு பக்கம் நின்று பார்த்தால் மரங்கள் ஒன்றையொன்று மறைக்கும். சுற்றி வந்து பார்த்தால் எது முன்னால், எது பின்னால் என்று தெரிந்துவிடும். சாதாரண எக்ஸ்ரே ஒரு பக்கப் பார்வை. சி.டி. ஸ்கேன் சுற்றி வந்து பார்ப்பது. ஆனால் அத்தனை பக்க நிழலையும் சேர்த்து ஒரே படமாக்கப் பெரிய கணக்குப் போட வேண்டும். அன்றைய கம்ப்யூட்டர்கள் அதில் திணறின. 1971-ல் இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் அந்தக் கணக்கைச் சுருக்கும் வழியைச் சொன்னார்கள். வானொலி வானியலில் இதே போன்ற வழியை வேறு சிலர் முன்பே கண்டிருந்தார்கள். ஆனாலும் ஸ்கேன் துறையில் இன்றுவரை ‘ராம்-லாக்’ என்று இவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். சி.டி. ஸ்கேனுக்கு 1979-ல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மக் இருவருக்கும் கிடைத்தது. நம்மவருக்கு எந்த நோபலும் கிடைக்கவில்லை.

இன்று

1970-களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். அதே வளாகத்தில் 2022-ல் ‘பரம் பிரவேகா’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. நொடிக்குச் சுமார் 33 கோடி கோடி கணக்கு போடும்! அதே 2022-ல் ‘ஆல்ஃபாஃபோல்டு’ என்ற செயற்கை அறிவு மென்பொருள் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள் வெளியாகின. அதை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. இவ்வளவு வேகம் வந்த பிறகும், ஒரு புரத வடிவம் சரிதானா என்று சோதிக்க விஞ்ஞானிகள் அதை இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். எது நடக்காது என்று மெஷினுக்கு முன்னாலேயே யோசித்து வைத்த மனிதர் இவர்!

கடைசிக் காலம்

1977-ல் இலண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. கர்நாடக இசையில் ஈடுபாடு கொண்டவர், கவிதையும் எழுதுவார். முதுமையில் நடுக்குவாத நோய் வந்தது. 1998-ல் மனைவி இராஜலட்சுமி இறந்தது அவரை மிகவும் உடைத்துவிட்டது. 1999-ல் உலகப் படிகவியல் துறையின் எவால்டு பரிசு கிடைத்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

நண்பர்களே! கம்ப்யூட்டர் லேபில் நம்ம முறை வரும்வரை சும்மா உட்கார வேண்டியதில்லை. நோட்டும் பென்சிலும் கையில் இருக்கே! யாராவது தப்பு என்று சொன்னால் கோபப்படாமல், எங்கே தப்பு என்று அளந்து பார்ப்போம். அவர் செய்ததும் அதைத்தான்.

செய்து பாருங்கள்: உங்கள் கையைத் தோளிலும் முழங்கையிலும் மெதுவாகத் திருப்புங்கள். எந்தக் கோணம் முடிகிறது, எது முடியவில்லை என்று கட்டம் போட்ட தாளில் குறியுங்கள். நிரப்பிய தாளை அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் உடம்புக்கே ஒரு ‘இராமச்சந்திரன் வரைபடம்’ தயார்!