வளைந்த விரல்களால் வெளிச்சம் தந்த வைத்தியர்

கண் வைத்தியருக்கு விரல்கள்தான் மூலதனம். அந்த விரல்களே வளைந்து முடங்கிய பின்னரும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகளைச் செய்தவர் மதுரை கோவிந்தப்ப வெங்கடசாமி. யுத்தத்தில் கையையோ காலையோ இழந்து, புதிய தொழிலொன்றைப் பழகி வாழ்பவர்களை வன்னியில் சந்திக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுக்கு வருவார்.

1918இல் எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்துபோனதால் மகப்பேற்று வைத்தியராக விரும்பினார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று இராணுவ வைத்தியரானார். 1948இல் முடக்குவாதம் எனும் மூட்டு அழற்சி நோய் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. நீண்டகாலம் படுக்கையில் கிடந்தார். பேனா பிடிக்கவும் முடியாத நிலை. மகப்பேற்று மருத்துவம் கைநழுவிப் போனது. எழுந்து நடந்ததும் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார்.

அரச சேவையில் ஓய்வுபெற்ற 1976இல், மதுரையில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். வசதியுள்ளவர் கட்டும் பணத்தில் ஏழைக்கு இலவசச் சிகிச்சை என்பதே அதன் வழி. விலையுயர்ந்த செயற்கை வில்லைகளை மலிவாகச் செய்ய 1992இல் அரோலாப் உருவானது. 2006 ஜூலையில் அவர் காலமானார்.

அவரது விரல்களை முடக்கிய நோய் மூட்டுகளோடு நிற்பதில்லை. பலருக்கு அது கண்ணின் மேற்பரப்பையும் தாக்குகிறது. உடலின் காவல் கலங்கள் கண்ணீர்ச் சுரப்பியையும் கண்சவ்வையும் எதிரியென நினைத்துத் தாக்கும்போது, அங்குள்ள கலங்கள் உண்டாக்கும் புரதங்களே மாறிவிடுகின்றன. சாதாரணமாக அரிதாகத் தென்படும் எச்எல்ஏ-டிஆர் எனும் புரதம் சவ்வின் கலங்களில் பெருகி, அழற்சியைக் காட்டிக்கொடுக்கிறது. கண்ணை வழுவழுப்பாக வைத்திருக்கும் மியூசின் புரதம் குறைகிறது. எம்எம்பி-9 எனும் நொதி கூடுகிறது. இத்தகைய நொதிகள் கட்டுமீறினால் கருவிழியே கரைந்து துளைபடலாம்.

இங்கே மூட்டுவலியோடு வயலுக்கும் கூலிக்கும் போகும் பெண்கள், கண் உறுத்தலைப் புழுதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மூட்டுவாதம் உள்ளவருக்குக் கண் சிவந்து, உலர்ந்து, மண் விழுந்ததுபோல் உறுத்தினால் கடையில் சொட்டுமருந்து வாங்கிக் காலம் கடத்தக்கூடாது. கண் கிளினிக்கில் மூட்டுநோயையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கீழிமைக்குள் சிறு காகிதத் துண்டை ஐந்து நிமிடம் வைத்தே கண்ணீரின் அளவை அறியலாம். தவிர்க்கக்கூடிய குருட்டுத்தனத்தை ஒழிக்கவே வெங்கடசாமி வாழ்ந்தார். இதுவும் அதில் ஒன்று.