ஐந்து மாதச் சம்பளத்தில் ஒரு கிடார்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கிடார் இருக்கிறதா? நம் குடியிருப்பில் பாதி வீடுகளிலாவது இருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளை எட்டாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கியது. நான்கு மாதம் வகுப்புக்குப் போனான், அதற்குள் பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, உறையோடு மேலே ஏறிவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. போன ஆண்டு அதைக் கீழே இறக்கினேன். அப்போது தேடிப் படித்ததுதான் இந்த வாழ்க்கை.

எலிசபெத் காட்டன் என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்காமல் போகலாம். ஆனால் உலகத்தில் விரலால் மீட்டி கிடார் கற்றுக்கொள்கிறவர்கள் பலரும் முதலில் வாசிக்கும் பாட்டுகளில் ஒன்று அவருடையது. 'ஃபிரைட் டிரெயின்', அதாவது சரக்கு ரயில். அதைப் போட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகியிருக்காது என்கிறார்கள். சுரம் எழுதத் தெரியாது, வாத்தியார் கிடையாது. எல்லாம் காதால் கேட்டுக் கற்றதுதான்.

1890களில் அமெரிக்காவின் தெற்கே, வட கரோலினா மாநிலத்தில் கார்பரோ என்ற சிற்றூரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவுக்குச் சுரங்க வேலை. அம்மா பிரசவம் பார்ப்பார், சமையல் வேலைக்கும் போவார். வீட்டில் எல்லாரும் தங்கச்சிப் பாப்பா என்கிற மாதிரி ஒரு செல்லப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் பெயர் கேட்டபோது, எலிசபெத் என்று தானே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட பிள்ளை!

அண்ணனிடம் ஒரு பாஞ்சோ இருந்தது. அது தோல் போர்த்திய வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் உள்ள தந்தி வாத்தியம். அண்ணன் வேலைக்குப் போனதும் தங்கை அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஏழெட்டு வயதுதான். சிக்கல் என்னவென்றால் அவளுக்கு இடது கைப் பழக்கம், வாத்தியமோ வலது கைக்காரருக்குத் தந்தி கட்டியது. இடது கைக்காரர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள், அல்லது இடது கைக்கென்றே செய்த கிடாரை வாங்குகிறார்கள். இவளால் அது முடியாது. வாத்தியம் அண்ணனுடையது. அதனால் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது கிடாரைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் புரியும். வழக்கமாகப் பிடித்தால் தடித்த தந்திகள் மேலே, மெல்லியவை கீழே இருக்கும். கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாளத்தைத் தட்டிக்கொண்டே போகும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை எடுக்கும். தலைகீழாகப் பிடித்தால் எல்லாம் மாறிவிடும். ஆள்காட்டி விரல் கீழே போய்த் தாளம் தட்ட வேண்டும், கட்டைவிரல் மேலே பாட்டை வாசிக்க வேண்டும். இடது கையால் மீட்டுவதால் தந்திகளை அழுத்துவது வலது கை. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத முறை இது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் முதல் நாளே நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் காதுக்குச் சரியாக விழும்வரை விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பிற்காலத்தில் இந்த முறைக்கு அவர் பெயராலேயே 'காட்டன் பிக்கிங்' என்று பெயர் வந்தது.

அண்ணன் ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்பினார், பாஞ்சோவும் அவரோடு போயிற்று. சொந்தமாக ஒன்று வேண்டும் என்றால் காசு வேண்டும். சிறுமி வீட்டுவேலைக்குப் போனாள். சமையல், பெருக்கல், துடைத்தல். சம்பளம் மாதம் 75 சென்ட். கடையில் பார்த்து வைத்த கிடாரின் விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு காசு செலவழிக்காமல் ஐந்து மாதச் சம்பளம். பதினொரு வயதில் அதை வாங்கிவிட்டாள். நம் பரணில் கிடக்கும் கிடாருக்கு நாம் எத்தனை நாள் சம்பளம் கொடுத்தோம் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு அருகிலேயே ரயில் பாதை. சரக்கு ரயில் போகும் சத்தம் இரவும் பகலும் கேட்கும். அதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் பாட்டு. மொத்தம் நான்கே கார்டுகள், அதாவது பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பிடிகள். சி, ஜி, ஈ, எஃப். சி-யில் தொடங்கி ஜி-க்குப் போய்த் திரும்பி வருகிறது. பாதி வழியில் எதிர்பாராமல் ஓர் ஈ வருகிறது. அங்கேதான் பாட்டு ஒரு வளைவு திரும்புகிறது, மனசு லேசாகக் கனக்கிறது. அடியில் தடித்த தந்திகள் இரண்டு, மாறி மாறி, நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ரயில் சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டுவது போல. தெற்கின் கறுப்பின மக்கள் ப்ளூஸுக்கும் ராக்டைமுக்கும் நடன இசைக்கும் ஒரே கிடாரை வைத்து ஒரு முழுக் கச்சேரி நடத்திய வித்தை அதுதான். சிறுமிக்கு அதற்குப் பெயர் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பிறகு, பல பெண்களுக்கு நடப்பது நடந்தது. 1910 நவம்பரில் பிராங்க் காட்டனோடு திருமணம். ஒரு மகள், லில்லி. சர்ச்சில் சேர்ந்தார். அங்கே உலகப் பாட்டெல்லாம் கூடாது என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடார் கையை விட்டுப் போனது. சண்டை, சபதம் எதுவும் இல்லை. குழந்தை, அடுப்பு, அடுத்தவர் வீட்டு வேலை என்று பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு கணவரைப் பிரிந்தார். கடைசியில் மகளோடு வாஷிங்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்.

1940களின் பிற்பகுதியில் அங்கே லான்ஸ்பர்க் என்ற பெரிய கடையில் அவருக்கு வேலை. ஒருநாள் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டு ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் ஒப்படைத்தார். அந்த அம்மா ரூத் கிராஃபர்டு சீகர், பெயர் பெற்ற இசையமைப்பாளர். சிறுமி பெகி சீகர். அந்தப் பழக்கத்தில் சீக்கிரமே சீகர் வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு லிபா என்று பெயர் வைத்தார்கள்.

அது என்ன மாதிரி வீடு தெரியுமா? ரூத்தின் கணவர் சார்லஸ் சீகர் இசை ஆராய்ச்சியாளர். ரூத்தோ நாட்டுப்புற மக்கள் பாடிய பாட்டுகளை ஒலித்தட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு சின்ன அசைவுகூட விட்டுப்போகாமல் சுரக் குறிப்பாக எழுதிக்கொண்டிருந்தவர். முன்னறையில் கிராமத்துப் பாட்டைத் தட்டில் தேடுகிறார்கள். சமையலறையில் அந்தப் பாட்டையே காதால் கற்ற ஒருவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே கூரைதான், அவர்களுக்குத் தெரியாது. இவரும் சொல்லவில்லை. சீகர் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை, நல்ல மனிதர்கள். நம் வீடுகளுக்குக் காலையில் வந்து போகிறவர்களிடம் என்ன பாட்டுத் தெரியும் என்று நாமும்தான் கேட்டதில்லை.

வீட்டில் ஒரு கிடார் சுவரில் தொங்கும். வேலைக்கு நடுவே அதை இறக்கி மெதுவாக வாசித்துப் பார்ப்பார். ஒருநாள் பிள்ளைகள் காதில் விழுந்துவிட்டது. அத்தனை வருடம் தொடாத விரல்கள். ஆனாலும் சரக்கு ரயில் உள்ளேயே இருந்தது. காதால் கற்றது காகிதம் போல் செல்லரித்துப் போவதில்லை போலிருக்கிறது.

ஆனால் காகிதத்துக்கு வேறு ஒரு பலம் உண்டு. கதையில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். பெகி வளர்ந்து 1950களில் இங்கிலாந்து போனார், அந்தப் பாட்டை அங்கே பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் பெயரில் எழுதிப் பதிப்புரிமை வாங்கிக்கொண்டார்கள். 1957-இல் சாஸ் மெக்டெவிட் குழு நான்சி விஸ்கியோடு சேர்ந்து பாடிய இசைத்தட்டு பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. பாட்டைப் போட்டவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, வாஷிங்டனில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தார். அவரும் பிறர் வாசித்ததைக் கேட்டுத்தான் கற்றார், அந்த ஆங்கிலேயர்களும் பிறர் பாடியதைக் கேட்டுத்தான் எடுத்தார்கள் என்று யாராவது வாதாடலாம். ஆனால் கேட்டுக் கற்பது வேறு, கேட்டதைத் தன் பெயரில் பதிந்துகொள்வது வேறு. எழுதி வைக்கத் தெரியாதவருடைய சொத்தை எழுதத் தெரிந்தவர் எளிதாக எடுத்துக்கொள்ளலாம். சீகர் குடும்பம் துணை நின்று பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் பாட்டின் உரிமை அவரிடம் திரும்பி வந்தது.

பெகியின் அண்ணன் மைக் சீகர் வேறு ஒரு வேலையும் செய்தார். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு லிபாவின் வீட்டுக்கே போய் அவர் வாசித்ததைப் பதிவு செய்தார். 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. அப்புறம் மைக்கோடு மேடையேறினார். 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார். 1967-இல் வந்த அடுத்த தட்டில் 'ஷேக் சுகரி' என்ற பாட்டு இருக்கிறது. வீட்டுப் பேரப்பிள்ளைகளும் கூட உட்கார்ந்து அடிகள் கட்டிய பாட்டு. பாடியது பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி, கிடார் கொள்ளுப்பாட்டி.

இதைத் தேவதைக் கதை மாதிரி சொல்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மேடையேறியதும் அவர் வீட்டுவேலையை விட்டுவிடவில்லை. 1970 வரை செய்தார். கச்சேரியில் வந்த காசு, ஒரு குடும்பத்தை நடத்தப் போதுமான காசாக ஆவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. 1978-இல், எண்பது வயது தாண்டிய பிறகு, கிடார் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். மகளும் பேரப்பிள்ளைகளும் உடன் போனார்கள். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு, கிராமி விருதைவிட இந்தச் செய்திதான் மனதில் நிற்கும்.

கிராமியும் வந்தது. மேடைக் கச்சேரிப் பதிவு ஒன்றுக்கு, தொண்ணூறு வயதை ஒட்டி. சிரக்கியூஸ் நகரம் ஒரு சிறு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தது. 1987 ஜூன் 29-ஆம் தேதி அங்கேயே காலமானார்.

இனி, பரணிலிருந்து கிடாரை இறக்கப் போகிறவர்களுக்கு. பாட்டை இணையத்தில் தேடினால் அவரே வாசிக்கும் படங்கள் கிடைக்கும். முதலில் கைகளைப் பார்க்காதீர்கள், குழம்பிவிடுவீர்கள். எல்லாம் தலைகீழாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாரம் வெறுமனே கேளுங்கள். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் மெட்டு தானாக வாயில் வர வேண்டும். அடுத்து அடியில் ஓடும் தடித்த தந்திச் சத்தத்தை மட்டும் பின்தொடருங்கள். அது இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் கார்ட் மாறுகிறது என்று அர்த்தம். சி பிடியை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் மட்டும் இரண்டு தந்திகளை மாறி மாறித் தட்டுங்கள், நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலும் விரல் நிற்காமல் ஓடும்வரை. எனக்கு அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் மெட்டின் ஒவ்வொரு சுரமாக மெல்லிய தந்திகளில் தேட வேண்டும். பாடிக்கொண்டே தேடினால் விரல் தப்பான இடத்தில் விழுந்தது காதுக்கே தெரிந்துவிடும்.

பாதியில் வரும் அந்த ஈ-யில் நான் இன்னும் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் மூன்றாம் மாடியிலிருந்து ஒரே இடத்தில் ரயில் நின்று நின்று போவது போலக் கேட்டால், அது நான்தான். ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுவேன்.