நாணயங்களைப் படித்த நல்லறிஞர்

பழங்காசுகளைச் சேர்ப்போர் இருவகையினர். கையில் கிடைத்தவற்றை எல்லாம் பெட்டியில் இட்டு நிரப்புவோர் ஒருவகை. ஏதேனும் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, அதில் விடுபட்ட காசு எது, அது எங்கே கிடைக்கும் என்று ஆண்டுக்கணக்கில் தேடுவோர் மற்றொரு வகை. முதல் வகையினரின் பெட்டி விரைவில் நிறைந்துவிடும். இரண்டாம் வகையினரின் பெட்டியில் சில இடங்கள் நெடுநாள் வெறுமையாகவே இருக்கும். அந்த வெற்றிடங்களை மறவாதிருந்த ஒருவரால்தான் பல நூற்றாண்டுகளாக எவராலும் படிக்கப்படாமல் கிடந்த இந்தியாவின் பழைய எழுத்து மீண்டும் பேசத் தொடங்கியது. அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப்.

இளமையும் இழப்பும்

பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை இந்தியாவில் அவுரி வாணிகம் செய்து பொருள் ஈட்டித் தாயகம் திரும்பியவர். பெரிய குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்த ஜேம்ஸ், சிறு வயதிலேயே நுண்ணிய ஓவியங்கள் வரைவதிலும் சிறு பொறிகள் செய்வதிலும் கைத்திறன் உடையவராக விளங்கினார். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்கான பயிற்சியையும் தொடங்கினார். ஆனால் நோய்த்தொற்றினால் கண்பார்வை குன்றியது. நுண்ணிய கோடுகளை இடைவிடாது வரைய வேண்டிய அத்தொழிலை அவர் கைவிட நேர்ந்தது.

தந்தை வேறு வழி தேடினார். இந்தியாவிலிருந்த நாணயச்சாலைகளில் பொன், வெள்ளி ஆகியவற்றின் மாற்றைக் கணித்துச் சொல்லும் பணிக்கு ஆள் தேவைப்பட்டது. ஜேம்ஸ் வேதியியல் கற்றார்; பின்னர் இலண்டன் அரச நாணயச்சாலையில் பயிற்சி பெற்றார். 1819ஆம் ஆண்டு, தம் இருபதாம் வயதில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். கண்ணின் குறையால் ஒரு தொழிலை இழந்த அந்த இளைஞர், பிற்காலத்தில் தேய்ந்த காசுகளின் விளிம்பில் மறைந்திருந்த எழுத்துகளைத் தேடிப் பெயர் பெற்றார்.

காசியில் பத்து ஆண்டுகள்

கல்கத்தாவில் ஓராண்டு பணி செய்தபின் பிரின்செப் காசி நாணயச்சாலைக்கு அனுப்பப்பட்டார். 1830இல் அந்நாணயச்சாலை மூடப்படும்வரை அவர் அங்கேயே இருந்தார். அலுவலக வேலையோடு அவர் நின்றுவிடவில்லை. காசி நகரை அளந்து வரைபடம் ஒன்றை உருவாக்கினார். நகரின் கழிவுநீர் வெளியேற நிலத்தடியில் வாய்க்கால் அமைத்தார். கர்மநாசை ஆற்றின்மேல் கற்பாலம் கட்டும் பணியை மேற்கொண்டார். மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார். உலையின் கடும் வெப்பத்தை அளக்கும் முறைகளை ஆராய்ந்து எழுதினார். இலண்டன் அரசக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

காசியில் இருந்தபோதுதான் பழங்காசுகள் அவருடைய கருத்தைக் கவர்ந்தன. நாணயச்சாலை அலுவலர் ஒருவருக்குக் காசு என்பது முதலில் உலோகமே. அதன் எடை என்ன, மாற்று என்ன, உருக்கினால் எவ்வளவு தேறும் என்பனவே கேள்விகள். அக்காலத்தில் நிலத்திலிருந்து கிடைத்த எத்தனையோ பழங்காசுகள் இவ்வாறு உருக்கப்பட்டு அழிந்தன. பிரின்செப் வேறொரு கேள்வியையும் கேட்டார். இக்காசின்மீது எழுதியிருப்பது என்ன என்பதே அது.

ஒரு நோக்கும் பல ஈர்ப்புகளும்

கல்கத்தாவுக்குத் திரும்பிய பிரின்செப், 1832இல் அங்கிருந்த நாணயச்சாலையின் மாற்றுக் காணும் தலைமை அலுவலரானார். ஆசியக் கழகத்தின் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. அக்கழகத்தின் பெயரால் அதே ஆண்டில் தொடங்கிய இதழையும் அவரே நடத்தினார். பழங்காசு கிடைத்தவர்கள் அதனையோ அதன் படத்தையோ தமக்கு அனுப்புமாறு அவ்விதழ் வழியாக வேண்டினார்.

காசுகள் நாற்புறமிருந்தும் வந்தன. பஞ்சாபில் இரஞ்சித் சிங்கின் படையில் தளபதியாக இருந்த வெந்துரா, மாணிக்கியாலா தூபியைத் தோண்டியபோது கிடைத்தவற்றை அனுப்பினார். ஆப்கானிஸ்தானத்தில் பெக்ராம் சமவெளியில் ஆயிரக்கணக்கான காசுகளைத் திரட்டிய சார்லசு மேசன் தம் குறிப்புகளை அனுப்பினார்.

காசுகள் வந்த வழியிலேயே கவனத்தைச் சிதறச் செய்யும் பிறவும் வந்தன. சிவாலிக் மலையில் கிடைத்த மாபெரும் விலங்குகளின் எலும்புகளைப் பற்றிய செய்திகள் வந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வானிலைக் குறிப்புகள் வந்தன. அலுவலகத்திலோ, கம்பெனி ஆண்ட பகுதிகள் அனைத்துக்கும் ஒரே வகையான ரூபாயை வழங்கும் பெரும்பணி காத்திருந்தது. அது 1835இல் நிறைவேறியது. இவையனைத்திலும் பிரின்செப்புக்கு ஆர்வம் இருந்தது. எதையும் அவர் புறக்கணிக்கவில்லை. ஆயினும் எழுத்துகளைப் படிக்கும் முயற்சியை மட்டும் அவர் ஒருபோதும் இடையில் நிறுத்தவில்லை. 1833 முதல் 1838 வரை ஆண்டுதோறும் பழங்காசுகளைப் பற்றி எழுதிவந்தார். காசுகளின் படங்களைத் தம் கையாலேயே வரைந்து அச்சுத் தகடுகளில் பொறித்தார்.

காசுகளுக்குள்ளேயும் ஈர்ப்புகள் இருந்தன. கிரேக்க மன்னர்களின் காசுகள் கண்ணைக் கவரும் வேலைப்பாடு உடையவை. குப்த மன்னர்களின் பொற்காசுகள் ஒளி வீசுபவை. சௌராட்டிரப் பகுதியில் கிடைத்த வெள்ளிக்காசுகளோ விரல்நகம் அளவே இருந்தன. ஒருபுறம் மன்னனின் தலை; மறுபுறம் விளிம்பைச் சுற்றி நுண்ணிய எழுத்துகள். பல காசுகளில் அச்சு விலகி, எழுத்துகளில் பாதி காசுக்கு வெளியே போயிருந்தன. எளியனவாகத் தோன்றிய இக்காசுகளையும் பிரின்செப் விட்டுவிடவில்லை.

தந்தையும் மகனும்

1837ஆம் ஆண்டு அச்சிறு காசுகளின் எழுத்துகளை அவர் படித்தார். ஒவ்வொரு காசிலும் ஒரே அமைப்பு இருந்தது. அதை வெளியிட்ட மன்னனின் பெயர் இருந்தது. அவன் தந்தையின் பெயரும் இருந்தது. அவர்கள் சத்திரப மரபைச் சேர்ந்த மன்னர்கள்.

இந்த அமைப்பின் பயனை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். மகனுடைய காசு தந்தையின் பெயரைச் சொல்கிறது. தந்தையின் காசு பாட்டனின் பெயரைச் சொல்கிறது. காசுகளை முறையாக அடுக்கினால் ஓர் அரச மரபே கண்முன் நிற்கும். ஒரு காசு குறைந்தால் சங்கிலியில் ஒரு வளையம் குறையும். இங்கே காசு சேர்ப்பது பெருமைக்காக அன்று. விடுபட்ட ஒவ்வொரு காசும் வரலாற்றில் விடுபட்ட ஒரு மனிதர்.

அக்காசுகள் மற்றொரு பயனையும் தந்தன. தமிழில் ஒருவர்க்கு உரியதைக் காட்ட ‘உடைய’ என்கிறோம். அக்காசுகளின் மொழியில் அதே பொருளைப் பெயரின் இறுதியில் வரும் ‘ஸ’ என்னும் எழுத்துக் காட்டியது. இந்தச் சிறிய எழுத்து, அடுத்த பெரிய பூட்டுக்குத் திறவுகோல் ஆயிற்று.

சாஞ்சியின் சிறு வரிகள்

தில்லியிலும் அலகாபாத்திலும் வேறு சில ஊர்களிலும் பழைய கல்தூண்கள் நின்றன. அவற்றில் நேர்த்தியாகப் பொறிக்கப்பட்ட எழுத்துகளை எவராலும் படிக்க இயலவில்லை. அந்த எழுத்தையே இன்று பிராமி என்கிறோம். 1834இல் அலகாபாத் தூணின் எழுத்துகளைப் பிரின்செப் பொறுமையாக எண்ணி அட்டவணைப்படுத்தினார். தமிழில் க, கா, கி, கீ என ஓர் எழுத்தோடு குறிகள் சேர்ந்து ஒலி மாறுவதைப் போலவே அவ்வெழுத்திலும் குறிகள் சேர்வதைக் கண்டார். ஆனால் எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பது விளங்கவில்லை. அவசரப்பட்டு ஊகித்துச் சொல்லாமல் காத்திருந்தார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், சாஞ்சித் தூபியின் கல்வேலியில் இருந்த சிறுசிறு வரிகளின் படிகள் அவரிடம் வந்தன. ஒவ்வொரு கல்லிலும் ஒரு குறுகிய வரி. பெரும்பாலான வரிகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. அவை தொடர்ந்து செல்லும் ஒரே செய்தி அல்ல என்பதைப் பிரின்செப் உணர்ந்தார். தமிழகக் கோயில்களில் விளக்கிலும் படியிலும் உபயம் என்று எழுதி, கொடுத்தவர் பெயரைப் பொறிப்பதுண்டு. சாஞ்சியின் வரிகளும் அடியவர்கள் கொடுத்த கொடையைக் குறிப்பவையாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார். அப்படியானால் இறுதிச்சொல் ‘தானம்’ என்றே இருக்க வேண்டும். அச்சொல்லுக்கு முன்னால் நின்ற எழுத்தைப் பார்த்தார். சௌராட்டிரக் காசுகளில் அவர் அறிந்துவைத்திருந்த அதே ‘ஸ’ அங்கே இருந்தது. இன்னாருடைய தானம் என்று வரி பொருள் தந்தது.

பூட்டுத் திறந்தது. ஓர் எழுத்தைக்கொண்டு மற்றோர் எழுத்தைக் கண்டார். கமலாகாந்த வித்தியாலங்காரர் என்னும் பண்டிதர் பொருள் காண்பதில் துணை நின்றார். சில வாரங்களில் தில்லித் தூணின் செய்தியையும் பிரின்செப் படித்தார். அதில் தேவானாம்பிய பியதசி என்னும் மன்னர் பேசினார். தேவர்களுக்கு இனியவர் என்பது தேவானாம்பிய என்பதன் பொருள். இலங்கையில் தேவானாம்பிய தீசன் என்ற மன்னர் இருந்ததால், பியதசியும் இலங்கை மன்னரோ என்று பிரின்செப் முதலில் கருதினார். இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்துவந்த ஜார்ஜ் டர்னர், பியதசி என்பது அசோகரின் பெயரே என்று கண்டு தெரிவித்தார். பிரின்செப் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். மறக்கப்பட்டிருந்த பேரரசர் ஒருவர் வரலாற்றுக்குத் திரும்பினார்.

தமிழ் மன்னர்களின் பெயர்கள்

1838இல் குசராத்தின் கிர்னார், ஒடிசாவின் தவுலி ஆகிய இடங்களில் இருந்த பாறைக் கல்வெட்டுகளையும் பிரின்செப் படித்தார். மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி செய்ததையும், மூலிகைகள் நட்டதையும், வழிகளில் கிணறு வெட்டியதையும் அசோகர் அவற்றில் கூறுகிறார். தம் நாட்டுக்கு அப்பாலும் இவ்வறங்கள் நடந்ததைச் சொல்லுமிடத்தில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் பெயர்கள் கிர்னார்ப் பாறையில் உள்ளன. கிறித்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே தென்னாட்டு மன்னர்களின் பெயர்கள் குசராத்தின் பாறையில் பொறிக்கப்பட்டிருந்தன என்பது இவ்வாறு தெரியவந்தது.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் முதலிய இடங்களின் குகைகளில் காணப்படும் தமிழ்க் கல்வெட்டுகளும் பிராமி எழுத்தின் ஒரு வகையிலேயே அமைந்தவை. பிற்காலத்தில் ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து படிக்க, பிரின்செப் கண்ட எழுத்துகளே அடிப்படையாக நின்றன.

நிறைவுறாத வரிசை

பிரின்செப் எடுத்துக்கொண்ட மற்றொரு பணியும் உண்டு. கிரேக்க மன்னர்களின் காசுகளில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் வலமிருந்து இடமாகச் செல்லும் வேறோர் எழுத்தும் இருந்தன. கரோட்டி எனப்படும் அவ்வெழுத்தையும் அவர் விடாது ஆராய்ந்தார். மெனாந்தர் முதலிய மன்னர்களின் பெயர்கள் இருபுறமும் இருப்பதை மேசன் சுட்டிக்காட்டினார். அதனைக்கொண்டு பிரின்செப் பல எழுத்துகளை அடையாளம் கண்டார். ஆனால் அவ்வரிசையை முடிக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

பகலில் அலுவலகமும் மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சியுமாக ஓய்வின்றி உழைத்ததால் அவருடைய உடல்நலம் கெட்டது. 1838இல் கடுமையான தலைவலி அவரை வாட்டியது. அவ்வாண்டின் இறுதியில் மனைவியோடும் மகளோடும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நோய் தீரவில்லை. 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். உழைப்பை அளந்து செய்திருந்தால், ஓய்வுக்கும் சிறிது இடம் தந்திருந்தால், இன்னும் பல வரிசைகளை அவர் நிறைவு செய்திருக்கக்கூடும்.

அவர் விட்டுச்சென்ற வெற்றிடங்களைப் பிறர் நிரப்பினர். அவருடைய இளைய நண்பர் அலெக்சாண்டர் கன்னிங்காம், பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவராகி அப்பணியைத் தொடர்ந்தார். பிரின்செப் திரட்டிய காசுகள் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவர் நினைவாகக் கல்கத்தா மக்கள் ஊக்ளி ஆற்றங்கரையில் உயர்ந்த தூண்களுடன் ஒரு படித்துறை கட்டினர். பிரின்செப் படித்துறை என்னும் பெயருடன் அது இன்றும் நிற்கிறது.

பயிற்சி

1. பழங்காசு சேர்ப்போர் இருவகையினர் யாவர்? பிரின்செப் எவ்வகையினர்? காரணம் கூறுக.
2. பிரின்செப்பின் கவனத்தை ஈர்த்த பிற பணிகள் யாவை? அவற்றுக்கிடையே அவர் எதனை நிறுத்தாது செய்தார்?
3. சௌராட்டிரக் காசுகளில் ஒன்று குறைந்தாலும் வரலாறு குறையும் எனப்படுவது ஏன்?
4. சாஞ்சியின் வரிகளைப் படிக்க ‘ஸ’ என்னும் எழுத்து எவ்வாறு உதவியது?
5. உங்கள் வீட்டிலுள்ள நாணயங்களை ஆண்டு வரிசையில் அடுக்குக. விடுபட்ட ஆண்டுகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தேடும் முறையைப் பத்து வரிகளில் எழுதுக.