கெமிஸ்தம் தந்த மருத்துவர் கிறீன்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாலை வேளைகளில் நடைபெறும் பிரத்தியேக வகுப்புகளில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்கள் ஆவர்த்தன அட்டவணையின் முதல் இருபது மூலகங்களை மனனஞ் செய்துகொண்டிருப்பார்கள். ஐதரசன், ஈலியம், இலிதியம் எனத் தொடங்கிக் கல்சியத்தில் முடியும் அந்த வரிசையை ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் தமிழிலேயே ஒப்புவிக்கின்றனர். இரசாயனவியலைத் தமிழில் கற்பது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆயினும், இது தானாக நிகழ்ந்த ஒன்றன்று. இதற்கான முதல் விதை ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் ஊன்றப்பட்டது. அதனை ஊன்றியவர் ஓர் அமெரிக்கர் என்பது நம்மிற் பலர் மறந்துவிட்ட செய்தியாகும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். ஈழத்துத் தமிழ் உரைநடையின் பெரும் ஆளுமையான ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டிலேயே ஆகும். சமய நோக்கில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். தமிழைப் பாடநூலுக்கு ஏற்ற மொழியாக்கும் முயற்சியில் மாத்திரம், ஒருவரையொருவர் சாராமல், இருவரும் ஒரே திசையில் நடந்தனர். கிறீனின் மூத்த சகோதரரான அன்ட்றூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் மாநகரின் விரிவாக்கத்திலும் அங்குள்ள புகழ்பெற்ற மத்திய பூங்காவின் உருவாக்கத்திலும் முன்னின்றவர். நியூயோர்க்கில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்ற இளையவருக்கும் அந்நகரில் வசதியான வாழ்வு காத்திருந்தது. அவரோ அமெரிக்க மிஷனில் இணைந்து 1847இல் கப்பலேறினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வட்டுக்கோட்டையில் சிறிது காலம் தங்கியபின், 1848இல் மானிப்பாயைத் தமது நிலையமாக்கிக்கொண்டார். நோயாளரைக் கவனிப்பதோடு அவ்வாண்டிலேயே ஒரு சில மாணவர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பொன்றையும் ஆரம்பித்தார். தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்திலேயே. பத்தாண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பிய அவர், 1862இல் திருமணம் செய்துகொண்டு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். இந்த இரண்டாவது வருகையில்தான் தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது என்ற துணிகரமான தீர்மானத்தைச் செயற்படுத்தினார். 1864 முதல் அவரது வகுப்புகள் தமிழில் நடைபெற்றன.

இத்தீர்மானத்தின் பின்னணி ஊன்றி நோக்கத்தக்கது. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலத்தின்வழி உயர்கல்வி பெற்றவர்களுள் பலர் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். தாய்மொழிக் கல்வியே மிஷனின் நோக்கத்துக்கு உகந்தது எனக் கருதிய அமெரிக்கத் தலைமைப்பீடம் அச்செமினரியை 1855இல் மூடுவித்தது. அறிவுத்துறையினர் பலர் இன்றும் குறைகூறும் முடிவு அது. அத்தகைய ஒரு நிறுவனத்தை மூடியமை யாழ்ப்பாணத்துக்கு நேர்ந்த இழப்பு என்பதே எமது கருத்துமாகும். ஆனால், தலைமைப்பீடத்தின் கொள்கை கிறீனின் கைக்கு வந்தபோது வேறொரு வடிவம் பெற்றது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் சம்பளத்தைத் தேடி நகரத்துக்கோ பிறநாட்டுக்கோ போய்விடுவார். தமிழில் கற்றவர் தம் கிராமத்திலேயே நின்று தம் மக்களுக்கு வைத்தியம் பார்ப்பார் என்று அவர் கணக்கிட்டார். மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை. உடையைப் பற்றிய இந்தக் கண்டிப்பு சற்று மிகையானது எனலாம். மாணவருக்கும் தம் உடையைத் தெரிவுசெய்யும் உரிமை உண்டல்லவா?

கற்பிக்கத் தொடங்கினால் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தமிழில் சித்த மருத்துவச் சொற்கள் நிறைய இருந்தன. மேலைநாட்டு அறுவைச் சிகிச்சைக்கும் உடற்கூற்றுக்கும் இரசாயனத்துக்கும் வேண்டிய சொற்கள் இருக்கவில்லை. கிறீன் தமக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழக்கிலுள்ள சொல்லைத் தேடுவது. கிடைக்காவிடின் வடமொழியை நாடுவது. அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்பத் திருத்தி எழுதுவது. மாணவர்களையும் உதவியாளர்களையும் உடன் சேர்த்துக்கொண்டு அவர் மொழிபெயர்த்தும் பதிப்பித்தும் வெளியிட்ட நூல்கள் பல. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகிய இரண்டும் 1872இலும் வெளிவந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், இலண்டனில் 1858இல் வெளியாகி இன்றும் மருத்துவ மாணவரின் கையிலிருக்கும் கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும். மூலநூல் வெளிவந்து 14 ஆண்டுகளுக்குள் அது தமிழுக்கு வந்துவிட்டது.

இந்நூல்களின் நடை இனிமையானது என்று கூறுவதற்கில்லை. 1850களில் அவர் வெளியிட்ட முதல் பெருநூலின் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்பதாகும். உடலமைப்பு, உடலியக்கம், சுகாதாரம் ஆகிய மூன்றையும் குறிக்கும் பெயர் அது. இதனை ஒரே மூச்சில் உச்சரித்த மாணவர்கள் பாராட்டுக்குரியவர்களே! அவரது சொற்களுட் பெரும்பாலானவை இன்று வழக்கொழிந்துவிட்டன. சுகரணம் என்றால் என்ன என்று நமது மருத்துவர்களைக் கேட்டால் அவர்கள் விழிப்பார்கள். எனினும், சொல்லைத் தேடுவதற்கு அவர் வகுத்த ஒழுங்கு அழியவில்லை. பின்னாளில் சுயபாஷைக் கல்வி வந்தபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் எதிர்கொண்டதும் அதே மூன்று வழிகளையே.

இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. வெல்ஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய பாடநூலின் தமிழாக்கமான அதற்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிடப்பட்டது. தூய தமிழ்வாதிகள் இப்பெயரைக் கண்டு முகஞ் சுளிக்கக்கூடும். ஆனால், அச்சொல்லின் வேரைத் தேடிப் போனால் அது இலண்டனிலோ நியூயோர்க்கிலோ நின்றுவிடாது. ஆங்கிலேயர் அத்துறைக்கு இட்ட பெயரே, ஜாபிர் இப்னு ஹையான் முதலிய அறிஞர்களுடன் இணைத்துப் பேசப்படும் ‘அல்கீமியா’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. முதல் இருபது மூலகங்களில் பத்தொன்பதாவதாக வரும் பொற்றாசியத்துக்குக் ‘கே’ என்ற எழுத்து ஏன் குறியீடாயிற்று எனப் பிள்ளைகள் ஆசிரியரைக் கேட்பதுண்டு. காலியம் என்ற அதன் இலத்தீன் பெயரே அதற்குக் காரணம். அப்பெயரோ தாவரச் சாம்பலைக் குறித்த ‘அல்கலி’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொணர்ந்தவர்களுள் தலையாயவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் கிறீனைப் போலவே கிறிஸ்தவ மருத்துவர்தாம். கலீபாக்களின் ஆதரவு அவருக்கு இருந்தது. மானிப்பாய் மருத்துவருக்கு அத்தகைய அரசாதரவு வாய்க்கவில்லை.

வெல்ஸின் மூலநூல் 1858இல் வெளிவந்தது. ரஷ்ய அறிஞர் மென்டலீவ் தமது ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டதோ 1869இல் ஆகும். ஆகவே, கெமிஸ்தத்தின் மூலநூலில் அந்த அட்டவணை இடம்பெற வழியில்லை. மூலகங்கள் உதிரிகளாக, ஒவ்வொன்றும் தனித்தனிக் கதையாகக் கற்பிக்கப்பட்ட காலம் அது. மென்டலீவ் காலத்தில் அறியப்பட்டிருந்த மூலகங்கள் 63. இன்றைய அட்டவணையில் 118 உள்ளன. அவர் தமது அட்டவணையில் வெற்றிடங்களை விட்டு, அங்கே வரவேண்டிய மூலகங்களின் இயல்புகளை முன்கூட்டியே கூறினார். அவற்றுக்குத் தற்காலிகப் பெயரிட அவர் கடன்வாங்கியது ‘ஏக’ என்ற வடமொழிச் சொல்லை. அவ்வாறு ஏக அலுமினியம் என அவர் குறித்த மூலகம், கெமிஸ்தம் வெளிவந்த அதே 1875இல் பிரான்ஸில் கண்டுபிடிக்கப்பட்டுக் கலியம் எனப் பெயர் பெற்றது. மானிப்பாய் மருத்துவர் வடமொழியிலிருந்து சொல் திரட்டிய அதே காலத்தில் ரஷ்ய விஞ்ஞானியும் அதே மொழியில் கைவைத்தார் என்பது சுவையான செய்தியாகும்.

கெமிஸ்தம் அச்சேறியபோது கிறீன் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. உடல்நலங் குன்றிய நிலையில் 1873இல் அவர் அமெரிக்கா திரும்பியிருந்தார். ஆனால், வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திப் பதிப்பிக்கும் பணியைத் தொடர்ந்தார். கடல் கடந்து தபாலில் பிரதிகள் போய்வர மாதங்கள் ஆகும் காலத்தில் இதனை அவர் செய்தார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்த மருத்துவ, விஞ்ஞான நூல்களின் பக்கங்கள் 4000ஐத் தாண்டும். அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர்கள் 60 பேருக்கும் அதிகம்.

அவர் விரும்பியவாறு அனைத்தும் நடைபெற்றுவிடவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கப்பட்ட அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசாங்க அங்கீகாரமும் உத்தியோகமும் அங்கிருந்தன. கிறீன் நாட்டைவிட்டுச் சென்றபின் மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதன்பின் இந்நாட்டில் மருத்துவம் தமிழில் கற்பிக்கப்படவேயில்லை. இரசாயனவியல் மாத்திரம் சுயபாஷைக் கல்வியின் வழியாகப் பாடசாலைகளுக்குத் திரும்பி வந்தது. மூலகம், ஆவர்த்தனம், ஒட்சிசன், நாகம் என இலங்கைக்கே உரிய ஒரு சொல்வழக்கும் நிலைபெற்றது. தமிழகத்துப் பிள்ளை தனிமம் என்றும் ஆக்சிஜன் என்றும் துத்தநாகம் என்றும் படிப்பதை நமது பிள்ளை இணையத்தில் கண்டு திகைப்பது வேறு கதை.

2001ஆம் ஆண்டு முதல் உயர்தர விஞ்ஞானப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்கவும் அரசாங்கம் வழி திறந்தது. பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில் இருக்கையில், பெற்றோர் அவ்வழியை நாடுவதைக் குறைகூற முடியாது. ஆனால், அந்த வாய்ப்பு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. மூதூரிலும் முல்லைத்தீவிலும் மலையகத் தோட்டப் பாடசாலையிலும் படிக்கும் பிள்ளைக்கு இரசாயனவியல் தமிழிலேதான் கிடைக்கிறது. வசதியுள்ள குடும்பங்கள் அகன்றபின் அத்தமிழ்ப் பாடநூலின் தரத்தைப் பற்றிக் குரலெழுப்புவோர் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கவிஞர் அம்பி ‘மருத்துவத் தமிழ் முன்னோடி’ என்ற நூலை எழுதிக் கிறீனின் நினைவை மீட்டெடுத்தார். மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிறீன் 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி தாம் பிறந்த வூஸ்டரிலேயே காலமானார். தம்மைத் தமிழருக்கான மருத்துவ ஊழியராகக் குறிப்பிட்டுக் கல்லறையில் பொறிக்குமாறு அவர் முன்னரே கேட்டிருந்தார். அவ்வாறே பொறிக்கப்பட்டது.